மூன்றே நாளில் விட்டுப்போன மூட்டுவலி

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. நாங்கள் வில்லிவாக்கத்தில் வசிக்கிறோம். இரண்டு ஆண்டுகளாக அவருக்கு இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கி, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்கவே முடியாமல் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, 'மூன்றே நாளில் குணம் தரும் வாத நிவாரணி' என்று விளம்பரம் செய்யப்படும் மூலிகை கேப்சூலைக் கூரியரில் வரவழைத்தோம். குப்பியின் மேல் 'பேட்டன்ட் மருந்து' என்று போட்டிருக்கிறது. மூன்றாம் நாளே வலி விட்டது. வாசலில் மீண்டும் கோலம் போட ஆரம்பித்தார். எட்டு மாதங்களாகத் தினமும் இரண்டு கேப்சூல் சாப்பிடுகிறார். இப்போது முகம் உருண்டு பருத்திருக்கிறது. லேசாக இடித்தாலும் கையில் கருநீலத் திட்டு வருகிறது. சர்க்கரை இல்லாதவருக்குச் சென்ற வாரம் வெறும் வயிற்றில் 236 இருந்தது. போன மாதம் கூரியர் ஐந்து நாள் தாமதமானபோது வாந்தியும் தலைசுற்றலுமாகப் படுத்துவிட்டார். மருந்து வந்ததும் எழுந்துவிட்டார். மூலிகை மருந்தில் பக்க விளைவு வருமா? இதை உடனே நிறுத்திவிடலாமா? இதைவிட நல்ல நிவாரணி எது? வீட்டில் இன்னும் இரண்டு குப்பிகள் இருக்கின்றன. மாடி வீட்டில் இருக்கும் அம்மாளும் எங்களைப் பார்த்து இதையே வாங்கிச் சாப்பிடுகிறார்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வணக்கம். உங்கள் மூன்று கேள்விகளில் நடுவில் உள்ளதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ஒன்றுதான் அவசரமானது. அந்தக் கேப்சூலை நாளைக் காலையில் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரைப் பார்க்கும் வரை இதுவரை சாப்பிட்ட அதே அளவில், கூட்டாமலும் குறைக்காமலும் தொடரட்டும். ஆனால் அந்தச் சந்திப்பு இந்த வாரத்துக்குள் நடந்துவிட வேண்டும். இடையில் வாந்தி, மயக்கம், கடுமையான சோர்வு, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அருகில் உள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, "எட்டு மாதமாகப் பெயர் தெரியாத மருந்து ஒன்றைச் சாப்பிட்டிருக்கிறார், அதில் ஸ்டீராய்டு இருக்கலாம்" என்ற ஒரு வாக்கியத்தை முதலில் சொல்லிவிடுங்கள். பக்க விளைவு என்று நான் சந்தேகிக்கும் ஒரு மருந்தைத் தொடரச் சொல்வது முரணாகத் தோன்றும் என்பது எனக்குத் தெரியும். அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு முன், சந்தேகம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

உங்கள் தாயாரை நான் நேரில் பார்க்கவில்லை. அந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள், சென்னையில் வாதநோய்ப் பிரிவில் உட்காரும் எந்த மருத்துவரும் பலமுறை பார்த்தவை. இரண்டு ஆண்டுகளாக வீங்கியிருந்த மூட்டு மூன்றே நாளில் அடங்குகிறது. சில மாதங்களில் முகம் உருள்கிறது, தோல் மெலிந்து எளிதில் இரத்தம் கட்டுகிறது, சர்க்கரை ஏறுகிறது. மருந்து சில நாள் கிடைக்காவிட்டால் மூட்டுவலி மட்டும் திரும்பாமல் உடம்பே சரிந்துவிடுகிறது. இவை எல்லாம் ஒரே ஆளிடம் ஒரே வரிசையில் வந்தால், முதலில் நினைக்க வேண்டியது வீக்கத்தை வேகமாக அடக்கும் பிரட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளைத்தான். எனக்குத் தெரிந்த எந்த மூலிகையும், சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் முறையாகத் தரப்படும் எதுவும், இந்த வேகத்தில் மூட்டு வீக்கத்தை அடக்குவதில்லை. விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லப்படும் அந்த 'மூன்றே நாள்' என்பதுதான் எனக்கு மிகுந்த சந்தேகத்தைத் தருகிறது.

இந்த அதிசயத்தை மருத்துவ உலகம் முதன்முதலில் கண்டது 1948 செப்டம்பரில். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டுகள் வீங்கி முடங்கும் முடக்குவாதத்தால் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு, ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 'கூட்டுப்பொருள் ஈ' என்ற பெயரில் இருந்த ஒன்றை ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்கே போய்வந்தார். பின்னாளில் கார்ட்டிசோன் என்று பெயர் பெற்ற ஸ்டீராய்டு அதுதான். 1950-இல் ஹென்ச்சுக்கும், எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முடக்குவாதத்துக்கு விடை கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய அந்தச் சில ஆண்டுகளுக்குள்ளேயே, முகம் வீங்குவதும் எலும்பு நொறுங்குவதும் மனம் தடுமாறுவதும் சர்க்கரை ஏறுவதும் தெரியவந்து, அளவைக் குறைத்து எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டிய மருந்து இது என்பது புரிந்துவிட்டது. உங்கள் வீட்டு வாசலில் மீண்டும் விழுந்த கோலத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த 29 வயதுப் பெண்ணின் நினைவுதான் வந்தது.

இனி, ஏன் உடனே நிறுத்தக் கூடாது என்பது. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், உயிர் வாழத் தேவையான கார்டிசால் என்ற ஸ்டீராய்டைத் தினமும் தாமாகவே சுரக்கின்றன. காய்ச்சல், காயம், அறுவை சிகிச்சை போன்ற நெருக்கடிகளில் பல மடங்கு கூடுதலாகச் சுரந்து இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதும் அவைதான். வெளியிலிருந்து அதே வேலையைச் செய்யும் பொருள் மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தால், 'நம்முடைய வேலை தேவையில்லை' என்று அவை அடங்கிச் சுருங்கிவிடுகின்றன. வெளி வரத்து ஒருநாள் திடீரென்று நின்றால், உள்ளே சுரக்க ஆளில்லை. கூரியர் தாமதமான அந்த ஐந்து நாட்களில் உங்கள் தாயாருக்கு வந்த வாந்தியும் தலைசுற்றலும் பெரும்பாலும் இதுதான். அதை நோய் திரும்பியது என்று மட்டும் எடுத்துக்கொண்டதில் உங்கள் மீது தவறில்லை, ஆனால் அப்போது ஒரு காய்ச்சலும் சேர்ந்து வந்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். அதனால்தான் பெயர் தெரியாத அந்தப் பொருளுக்குப் பதிலாக, பெயரும் அளவும் தெரிந்த ஸ்டீராய்டை மருத்துவர் எழுதிக் கொடுத்து, பல வாரங்களோ மாதங்களோ எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைப்பார். ஒரு முழு கேப்சூல் மூலிகைப் பொடிக்குள் இது எப்படி மறையும் என்று கேட்பீர்கள். முக்கால் மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனுக்கு 5 மில்லிகிராம் பிரட்னிசலோனின் வலு உண்டு. மணத்திலோ நிறத்திலோ நாக்கிலோ அதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது, விலையும் அற்பம்.

"மூலிகை மருந்தில் பக்க விளைவு வருமா?" என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். குப்பியின் மேல் 'பேட்டன்ட் மருந்து' என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அரசு அதைச் சோதித்து, சிறந்தது என்று முத்திரை குத்தியதாக அந்தச் சொல்லுக்குப் பலரும் பொருள் கொள்கிறார்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளைப் பொறுத்தவரை, அங்கீகரிக்கப்பட்ட பழைய நூல்களில் சொல்லப்பட்ட சரக்குகளை எடுத்து, நூலில் இல்லாத ஒரு கலவையைத் தயாரிப்பாளர் தாமே அமைத்துக்கொண்டது என்பதுதான் அதற்குச் சட்டத்தில் உள்ள பொருள். அப்படிப்பட்ட மருந்துக்கும் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்ந்துள்ள சரக்குகளின் பெயர் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். உங்கள் குப்பியை எடுத்துப் பாருங்கள். 'அரிய மூலிகைகள்' என்று மட்டும் இருந்து உரிம எண் இல்லையென்றால், அது எந்த மருத்துவ முறையையும் சேர்ந்த மருந்து இல்லை. உரிம எண் இருப்பதாலேயே உள்ளே கலப்படம் இல்லை என்றும் ஆகிவிடாது.

விளம்பரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குறிப்பிட்ட சில நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் ஒன்று 1954-லேயே இயற்றப்பட்டு நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணையில் உள்ள நோய்களின் பட்டியலில் நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம் ஆகியவற்றோடு வாதநோயும் இருக்கிறது. எழுபது ஆண்டுகளாக இந்தச் சட்டம் இருக்கும்போதே உள்ளூர்த் தொலைக்காட்சியில் அரை மணி நேர நிகழ்ச்சியாக இந்த விளம்பரங்கள் ஓடுகின்றன என்பது வேறு விஷயம். அதைச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பதில் திசை மாறிவிடும்.

சித்த மருத்துவத்தின் மீது நான் குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம். இப்படிப்பட்ட கலப்படத்தால் நோயாளிக்கு அடுத்தபடியாகப் பாதிக்கப்படுபவர்கள் நேர்மையான சித்த மருத்துவர்கள்தான். உங்கள் தாயாருக்கு அந்த முறையில்தான் நம்பிக்கை என்றால், உங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே பட்டம் பெற்ற மருத்துவர் நாடி பார்த்து, இன்ன மருந்து, இன்ன அளவு, இத்தனை நாள் என்று எழுதித் தருவார். அவரிடமும் இந்தக் குப்பியைக் காட்ட வேண்டும்; ஆங்கில மருத்துவர்களாகிய நாங்கள் தரும் மருந்துகளின் பெயரையும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் தெரியாமல் மருந்து சாப்பிடுவதுதான் நோயாளிகள் செய்யும் பெரிய தவறு, சில சமயம் எங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்தே அப்படிச் செய்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது, வாதநோய்ச் சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டுவது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்று தனித் துறை இருக்கிறது. தனியாரிடம் போவதானாலும் எலும்பு முறிவு மருத்துவரைவிட வாதநோய் மருத்துவர்தான் இந்த நோய்க்கு உரியவர். பயன்படுத்திய காலிக் குப்பி, மிச்சமுள்ள குப்பிகள், கூரியர் ரசீது எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். காலை எட்டு மணி அளவில் எடுக்கும் இரத்தத்தில் கார்டிசால் அளவைப் பார்ப்பார்கள். ஸ்டீராய்டே சாப்பிடாதவர் என்று சொல்லப்படும் ஒருவருக்கு அது தரைமட்டமாக இருந்தால், குப்பி மறைத்ததை இரத்தம் சொல்லிவிட்டது என்று பொருள். உள்ளே இருப்பது பிரட்னிசலோனாக இருந்தால் சில பரிசோதனை முறைகளில் எண் குழம்பக்கூடும் என்பதால், அந்த ஒரு முடிவை மட்டும் வைத்து நீங்களாகவே எதையும் தீர்மானிக்க வேண்டாம். இத்தகைய கலவைகளில் டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகளும் சேர்ந்திருப்பதுண்டு. அதனால் கிரியேட்டினின் பார்த்துச் சிறுநீரகத்தின் நிலையை அறிந்துகொள்வார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கண்ணில் புரை இருக்கிறதா என்ற சோதனை, எலும்பின் அடர்த்தி, நுரையீரல் எக்ஸ்ரே ஆகியவையும் வேண்டும். எக்ஸ்ரே எதற்கு என்றால், உடம்பில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை நீண்ட நாள் ஸ்டீராய்டு எழுப்பிவிடக்கூடும்.

அதற்கப்பால் உண்மையான நோய் எது என்ற கேள்வி இருக்கிறது. எட்டு மாதமாக யாரும் கேட்காமல் விட்ட கேள்வி. 'வாயு', 'வாதம்' என்று நாம் ஒரே பெயரில் அழைக்கும் கூட்டத்துக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. முழங்கால் தேய்மானத்தில் காலை இறுக்கம் பொதுவாக அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். நடக்க நடக்க வலி கூடும். யூரிக் அமிலத்தால் வருவது பெரும்பாலும் கால் பெருவிரலில் ஒரே இரவில் நெருப்பு வைத்தாற்போல் வரும். இரண்டு கைகளிலும் சிறு மூட்டுகள் ஒரே மாதிரி வீங்கி, காலை இறுக்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது முடக்குவாதத்தின் இலக்கணம். அதுவும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வரும் நோய். முடக்குவாதக் காரணி, ஆன்டி சிசிபி, ஈஎஸ்ஆர், சிஆர்பி ஆகிய இரத்தப் பரிசோதனைகளும் கைகளின் எக்ஸ்ரேயும் இதை உறுதிப்படுத்தும். ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கி வைத்திருப்பதால் முதல் நாளில் எல்லாம் தெளிவாகத் தெரியாமல் போகலாம். பழைய நிலையை உங்கள் கடிதத்தில் எழுதியதைப் போலவே மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

முடக்குவாதம்தான் என்று உறுதியானால், உலகெங்கும் முதலில் தொடங்கப்படும் மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட். இது மூன்று நாளில் வேலை செய்யாது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பொறுத்திருக்க வேண்டும், அந்தப் பொறுமை இல்லாததால்தான் கூரியர் மருந்துகளுக்கு வியாபாரம் நடக்கிறது. அந்த இடைவெளியைக் கடக்க நாங்களும் குறைந்த அளவு ஸ்டீராய்டைத் தருகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொருள் ஒன்றுதான், என்ன அளவு, எந்த நாளில் குறைப்பது, எதைக் கண்காணிப்பது என்பது எழுதப்பட்டிருக்கும், நோயாளிக்கும் தெரிந்திருக்கும். மெத்தோட்ரெக்ஸேட் எழுதித் தரப்பட்டால் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. ஞாயிறோ வியாழனோ, மருத்துவர் சொல்லும் கிழமையை அட்டையின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். தினமும் சாப்பிட்டுவிட்டு, வாய் முழுக்கப் புண்ணும் இரத்த அணுக்கள் சரிந்தும் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், உயிரிழப்பும் நேர்வதுண்டு. கூடவே தரப்படும் ஃபோலிக் அமிலத்தையும், மாதக்கணக்கில் செய்யச் சொல்லும் இரத்தப் பரிசோதனைகளையும் விடக் கூடாது.

"இத்தனை பேருக்குக் குணமானதாகச் சொல்கிறார்களே" என்று உங்கள் தாயார் கேட்பார். மூட்டுவலி ஏறி இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் புது மருந்தைத் தேடுவார்கள், உச்சத்துக்குப் பின் அது எப்படியும் கொஞ்சம் இறங்கும், அந்தப் புகழ் கையில் இருந்த குப்பிக்குப் போய்விடும். 2006-இல் சிக்குன்குனியா தமிழ்நாடெங்கும் பரவியபோது இதைக் கண்கூடாகப் பார்த்தோம். (சென்னைக்கு அந்த நோய் புதிதும் அல்ல, 1964-லேயே இங்கே வந்து போனது.) அந்த மூட்டுவலி பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே விட்டது. அப்போது எதைச் சாப்பிட்டார்களோ அதுவே அருமருந்து என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு.

உங்கள் மூன்றாவது கேள்வி, இதைவிட நல்ல நிவாரணி எது என்பது. நோயை அடக்கும் மருந்தைக் கடையில் தேர்ந்தெடுக்க முடியாது. வலியைச் சற்றுத் தணிப்பதற்கு வேண்டுமானால் தேர்ந்தெடுக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1893-இல் பம்பாயில் தொடங்கி 1914-இல் சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சனம் முதல் இன்றைய ஜெல்கள் வரை, மேலே தடவும் வலி மருந்துகள் பெரும்பாலும் மெந்தால், கற்பூரம், மெத்தில் சாலிசிலேட் போன்றவற்றால் தோலில் குளிர்ச்சியோ எரிச்சலோ உண்டாக்கி, ஆழத்தில் உள்ள வலியைச் சிறிது நேரம் மறக்கச் செய்கின்றன. அவ்வளவுதான் அவை செய்வது, அதற்கு மேல் எதிர்பார்க்காமல் தடவிக்கொள்ளலாம். இதயத்துக்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்ற மருந்தைச் சாப்பிடுபவர்கள் மட்டும் மெத்தில் சாலிசிலேட் உள்ளதை அதிகமாகத் தடவக் கூடாது. இரத்தம் உறையும் தன்மையை அது மேலும் குறைக்கும். தவிட்டு ஒத்தடம், வெந்நீரில் கைகளை அமிழ்த்தி விரல்களை மடக்கி நீட்டுவது இரண்டும் காலை இறுக்கத்துக்கு நல்லவை. தைலம் தேய்ப்பதானால் இதமாகத் தேய்க்கலாம். சூடாக வீங்கிச் சிவந்திருக்கும் மூட்டை அழுத்திப் பிடித்து நீவிவிடக் கூடாது. முடக்கத்தான் தோசை சுடுவதை யாரும் நிறுத்த வேண்டாம். புளி, உருளைக்கிழங்கு, பருப்பு என்று ஒவ்வொன்றாக விலக்கி உடம்பை வற்றவைப்பதுதான் தேவையில்லை. முடக்குவாதத்துக்கு அந்தப் பத்தியத்தால் பயன் இல்லை, சர்க்கரைக்கான கட்டுப்பாடு போதும்.

உங்கள் தாயாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். முகம் பருத்ததைப் பார்த்து, சதை பிடித்து உடம்பு தேறிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பார்கள், அவரும் மகிழ்ந்திருப்பார். அதன் மேல் போய், 'ஏமாந்துவிட்டீர்கள் அம்மா' என்று சொன்னால் அடுத்த மருந்தை உங்களுக்குத் தெரியாமல் வரவழைப்பார். வலி குறைந்தது உண்மை, அவர் கற்பனை செய்யவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த நிம்மதியை விலை குறைவான, பெயர் தெரிந்த மருந்தால் தொடர முடியும் என்றும், மருந்து மாறும் சில வாரங்களில் வலி ஓரளவு தலைகாட்டலாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன்பே தெரிந்த வலியைத் தாங்கிக்கொள்வது எளிது.

மிச்சமுள்ள குப்பிகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டிய பிறகு, திறக்காத ஒன்றை ரசீதோடு தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மாநில மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநரகத்தில் புகாரோடு கொடுக்கலாம். சித்த மருந்து என்ற பெயரில் விற்கப்பட்டிருந்தால் அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவத் துறை அலுவலகத்துக்கும் எழுதலாம். யாருக்கும் இனாமாகக் கொடுத்துவிட வேண்டாம்.

மாடி வீட்டு அம்மாள் எத்தனை நாளாக இதைச் சாப்பிடுகிறார் என்பதை இன்றே போய்க் கேளுங்கள். ஒரு வாரம், பத்து நாள்தான் என்றால் பெரும்பாலும் அப்படியே நிறுத்திவிடலாம். நிறுத்திய பின் வாந்தியோ மயக்கமோ வந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டது என்றால் அவருக்கும் உங்கள் தாயாருக்குச் சொன்னதேதான்: தாமாக நிறுத்தாமல், குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உங்களோடு சேர்ந்து மருத்துவமனைக்கு வரட்டும்.